முதல் வேலையைச் சம்பளம் பார்த்து எடுக்காதே

செம்பரம்பாக்கம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலிலும் பதிந்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாய். குவைத்துக்கு அனுப்புகிறேன் என்று ஒருவர் நாலு லட்சம் கேட்கிறார். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றின் ஓஎச்சி-யில், அதாவது ஆலைக்குள் இருக்கும் மருத்துவ அறையில், மாதம் பதினெட்டாயிரத்துக்கு இடம் இருக்கிறதாம். “எதை எடுக்கட்டும் பெரியம்மா?” என்கிறாய். இரண்டையும் எடுக்காதே.

நாலு லட்சத்தை முதலில் முடித்துவிடுவோம். வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 2015-ல் கொச்சியில் ஒரு ஏஜென்சி, அப்போது 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு நர்ஸிடமும் 19.5 லட்சம் வாங்கியதாகச் சிபிஐ வழக்குப் போட்டது. அதுவும் குவைத் வேலைதான். அந்த வருஷமே, வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. நம் மாநிலத்துக்கு அந்த நிறுவனம் கிண்டியில் இருக்கிறது: 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அங்கே உன் பெயரைப் பதிந்து வை.

ஓஎச்சி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறையும் அதற்கு ஆளும் வேண்டும் என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வைத்தது. அதனால்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம், ஒரகடம் வரை கேட்டுக்கு கேட் ஒரு நர்ஸ் இருக்கிறாள். ஏசி அறை, கேன்டீன் சாப்பாடு, வீட்டருகே வந்து ஏற்றிக்கொள்ளும் ஷிஃப்ட் பஸ். கை வெட்டுக்குக் கட்டுப் போடுவது, மயங்கி வந்த பெண்ணைப் படுக்கவைத்து பிபி பார்ப்பது, பெரிதாக இருந்தால் ஆம்புலன்ஸில் ஏற்றுவது. அது மட்டமான வேலை இல்லை. குடும்பம், குழந்தை என்று ஆனபிறகு அதைவிட வசதியான இடம் கிடைக்காது என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் உனக்கு வயது இருபத்திரண்டு. சவூதி, குவைத் ஆஸ்பத்திரி விளம்பரங்களை எடுத்துப் பார். ஐசியூ, எமர்ஜென்சி, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ் என்று வார்டைச் சொல்லி, பக்கத்திலேயே இரண்டு வருஷ அனுபவம் என்று போட்டிருப்பார்கள். ஆலையின் முதலுதவி அறையில் கழித்த காலத்தை அவர்கள் பெரும்பாலும் வார்டு அனுபவமாக எடுத்துக்கொள்வதில்லை. உன்னை வேலைக்கு வைப்பது கான்ட்ராக்டர் என்றால் சான்றிதழும் அவன் பெயரில்தான் வரும். மூன்று வருஷம் கழித்து வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டால், புதிதாகப் படித்து வந்தவளோடு சேர்த்துத்தான் உன்னையும் நிறுத்துவார்கள்.

வெளிநாடு போகக் காலமும் இப்போது சரியில்லை. கொரோனாவுக்குப் பிறகு நம் பெண்களை அள்ளிக்கொண்டு போன பிரிட்டன் கையை இழுத்துக்கொண்டது. அமெரிக்காவில் நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். ஆனால் கிரீன் கார்டு வரிசையில்தான் இந்தியர்கள் வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். அங்கே ஊர் ஊராக 13 வார ஒப்பந்தத்தில் போகும் ‘டிராவல் நர்ஸ்’ வேலையை யூடியூபில் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறாய். கொரோனாவில் ஏறிய அந்தச் சம்பளமும் இறங்கிவிட்டது. அந்த ஊர்ப் பெண்களையே வார்டில் வேலை பார்த்த அனுபவம் இல்லாமல் அதில் சேர்ப்பதில்லை. ஜெர்மனி ஆள் எடுக்கிறது. ஆனால் பி2 நிலை வரை ஜெர்மன் மொழி படிக்க ஒரு வருஷமாவது ஆகும். நைட் டூட்டி பார்த்துக்கொண்டே படிக்க முடிந்தால் படி.

அரசு வேலைக்கு எம்ஆர்பி என்னும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுது. அதையே நம்பி உட்காராதே. 2015-ல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொன்னதை நிறைவேற்றச் சொல்லி 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. கொரோனாவில் எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2022 டிசம்பர் 31-ஓடு நிறுத்தினார்கள்.

அதனால் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஏறு. தண்டலம் சவீதா, நசரத்பேட்டை பனிமலர், போரூர் ராமச்சந்திரா எல்லாம் இங்கிருந்து பஸ் தூரம்தான். சம்பளம் ஓஎச்சி-யைவிடக் குறைவாக இருக்கலாம். பரவாயில்லை, என் வீட்டில் தங்கினால் ஹாஸ்டல் செலவு மிச்சம். இன்டர்வியூவில் சம்பளத்துக்கு முன்னால் எந்த வார்டு என்று கேள். ஐசியூ, டயாலிசிஸ் கிடைத்தால் விடாதே. நாலு மாதத்துக்கு ஒரு வார்டு என்று உன்னை மாற்றிக்கொண்டே இருந்தால் நர்சிங் சூப்பிரண்டிடம் போய்ப் பேசு, கூச்சப்படாதே. இத்தனை வருஷம் விலக மாட்டேன் என்ற பாண்டுக்காக ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டால் கொடுக்காதே, நகல் கொடு.

வெளியே வரும்போது வாங்கும் சான்றிதழில் வார்டின் பெயர், படுக்கை எண்ணிக்கை, சேர்ந்த தேதி, விலகிய தேதி நாலும் இருக்க வேண்டும். வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ என்னும் சான்றிதழ் சரிபார்ப்பு செய்யும்போது அந்த ஆஸ்பத்திரிக்கே எழுதிச் சரிபார்ப்பார்கள். ஒரு மாதம் கூட்டிப் போட்டிருந்தாலும் மாட்டிக்கொள்வாய். பாஸ்போர்ட், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கவுன்சில் பதிவு மூன்றிலும் உன் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார்.

குவைத்துக்கு அனுப்புகிறேன் என்றவரிடம் முன்பணம் எதுவும் கட்டிவிடாதே. வரும் ஞாயிறு சர்டிபிகேட் ஃபைலோடு கிளம்பி வா. பூந்தமல்லியில் இறங்கியதும் போன் செய், பெரியப்பா வண்டியோடு வருவார். திங்கட்கிழமை நானே உன்னோடு தண்டலம் வருகிறேன்.

உன் பெரியம்மா