வினையும் பஞ்சுத்தூசியும்

நோய் வருவதும் தீர்வதும் யார் கையில் உள்ளது? திருப்பூரில் இவ்வினாவிற்கு விடைகள் பல. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர், தென்மாவட்டத்தார், கொங்கு நாட்டார் ஆகியோர் அங்கு ஒரே கூரையின்கீழ் உழைக்கின்றனர். அம்மை கண்டால் கொங்கு வீட்டில் மாரியம்மன் வந்திருப்பதாகக் கூறி வேப்பிலை செருகுவர். பீகார் மக்கள் சீதளா மாதாவை வணங்குவர். நீடித்த இருமலைத் தலையெழுத்தென்று பொறுத்திருப்போரும் உளர்.

இந்நம்பிக்கைகளை அளக்க அமெரிக்க உளவியலார் வால்ஸ்டன் குழுவினர் 1978இல் ஒரு வினாத்தொகுதி அமைத்தனர். உடல்நலம் தன்னால், மருத்துவர் முதலிய பிறரால், தற்செயலால் என்பன அதன் மூன்று பகுதிகள். கடவுளுக்கென ஒரு பகுதியை 1999இல்தான் சேர்த்தனர். நமக்கோ அப்பகுதி வேண்டுவதில்லை. நோய் தருவோனாக அருகனை நாம் கொள்வதில்லை. ஊழே அனைத்தும் என்ற ஆசீவகரை நீலகேசி வாதில் மறுக்கின்றாள். ஆகவே சமணர் தன்முயற்சிக் கட்சியினர் என்று முடித்துவிடத் தோன்றும்.

இங்கேதான் பிழை நேர்கின்றது. "அவரவர் அசாதாவேதநீயம், நாம் என் செய்வது?" என்று பிறர் இருமலைக் கேட்டும் கேளாது செல்வோர் நம்முள்ளும் உண்டு. வினை தனித்து நின்று பயன் தருவதில்லை. பொருள், இடம், காலம், உள்ளநிலை ஆகிய நிமித்தங்கள் கூடியே உதயமாகின்றது.

பனியனுக்கு நூல் தரும் ஆலைகளில், பஞ்சு உடைக்கும் அறையிலும் கார்டிங் பொறியருகிலும் தூசி மிகுதி. அதனால் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகும். அடுத்த நாள்களில் தணியும். தொடக்கத்திலேயே அவ்விடம் நீங்கினால் குணமாகும்; பல்லாண்டு சென்றபின் மீளாது. முகமூடி தொழிலாளி கையில் உள்ளது. தூசி உறிஞ்சும் பொறியோ ஆலையுடையார் கையில் உள்ளது. 1978இலேயே அமெரிக்க அரசு பஞ்சுத்தூசிக்கு உச்சவரம்பு விதித்து, அப்பொறுப்பை ஆலையுடையார்மீது வைத்தது.

பிறருக்குத் துன்பம் விளைத்தலும் அசாதாவேதநீயம் சேரக் காரணம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம். ஏழாம் அத்தியாயம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை, முன்வைக்கின்றது. ஆலை நடத்தும் சிராவகர் அவ்விரண்டையும் சேர்த்துப் படித்தல் நன்று. மகனை ஆலைக்கு அனுப்பும் பெற்றோரும், கூலி எவ்வளவு என்று கேட்கும்போதே, கார்டிங் பிரிவா, வேறு பிரிவா, அங்கே தூசி உறிஞ்சும் பொறி ஓடுகிறதா என்றும் கேட்கலாம்.