களைப்பு எல்லாம் ரத்தக் குறைவு அல்ல

ரத்தத்தில் புற்றுநோய் என்றதும் "போச்சு, இனி ஒன்னும் செய்ய முடியாது" என்று தலையில் கை வைத்துவிடுகிறோம். எல்லா ரத்தப் புற்றுநோயும் ஒரே மாதிரி இல்லைங்க. இம்முறை சி.எம்.எல். என்று டாக்டர்கள் சொல்லும் ஒன்றைப் பற்றிப் படிப்போம். வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கே வரும் அபூர்வ நோய் இது. ஒட்டாது. பரம்பரையாகவும் வராது. ஒரே லயத்தில் இருப்பவர்கள் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

நம் உடம்பில் எலும்புக்குள் இருக்கும் மச்சையில்தான் ரத்தம் உண்டாகிறது. அங்கே ஓர் அணுவில் ஏற்படும் கோளாறால் வெள்ளையணுக்கள் கணக்கில்லாமல் பெருகுகின்றன. ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. பிறகு களைப்பு, மெலிவு, ராத்திரி வியர்வை. சிலருக்கு இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். கொழுந்து எடுக்கிற பெண் களைப்பு என்றால் ரத்தக் குறைவு என்று நாமே முடிவு கட்டுவது வழக்கம். பெரும்பாலும் அதுதான் காரணம். ஆனால் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் குறையாவிட்டால், முழு ரத்த எண்ணிக்கை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளையணு 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டும். இந்த நோயில் அது லட்சத்தையும் தாண்டும். அதற்குப் பிறகு மச்சைப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் செய்துதான் நோயை உறுதி செய்வார்கள்.

2001இல் இமாட்டினிப் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன் இந்நோய்க்காரர் பலர் சில வருஷங்களே வாழ்ந்தார்கள். இம்மாத்திரை எடுத்தவர்களை ஓர் ஆய்வில் தொடர்ந்து கவனித்தபோது, 10 வருஷத்துக்குப் பிறகும் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். சாதாரணமாக தினம் 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீர் குடித்து எடுக்க வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல் வரலாம். அதற்காக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லணும். கர்ப்பம் என்றாலும் உடனே சொல்லணும்.

மாத்திரை விழுங்குவது சுலபம். கிளினிக்குக்குத் தவறாமல் போய் வருவதுதான் கஷ்டம். நெடுந்தீவில் ஒருவருக்கு இந்நோய் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் குறிகட்டுவான் துறைவரை சுமார் ஒரு மணி நேரம் கடல். அங்கிருந்து பஸ்ஸில் புங்குடுதீவு, வேலணை தாண்டி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ, 2013இல் திறந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ போக வேண்டும். (தெல்லிப்பழையைக் கட்ட 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தே பணம் சேர்த்தார்கள். தென்கோடிக்காரர் வடக்குக்காக நடந்ததைச் சொல்லாமல் விட மனசில்லை.) கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. ஆகவே தீவுக்காரர் கடைசி மாத்திரைவரை காத்திருக்க முடியாது.

நமக்குக் கடல் இல்லை, மலைப்பாதை இருக்கிறது. மண் சரிந்தால் பஸ் இல்லை. கண்டிக்கோ பதுளைக்கோ மகரகமவுக்கோ போனால் ஒரு நாள் பேர் போகும். "இப்பத்தான் சுகமா இருக்கேனே, இந்த மாசம் விட்டுடலாம்" என்று தோன்றும் இடமும் இதுதான். சுகமாக இருப்பது மாத்திரையால்தான். விட்டு விட்டு எடுத்தால் நோய் மருந்துக்கு அடங்காமல் போகலாம். சிலருக்குப் பல வருஷம் கழித்து, பரிசோதனையைப் பார்த்து, டாக்டரே நிறுத்திப் பார்ப்பார். அது அவர் முடிவு.

கிளினிக் தேதியை முன்கூட்டியே கங்காணியிடமும் வெல்பயர் உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள். ஒரு வாரத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே புறப்படுங்கள். கிளினிக் கொப்பியையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போகணும்.