பங்கேற்பை அளக்கும் வினாப் பட்டியல்

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மருத்துவச் சான்றிதழில் காணும் விழுக்காடு குறைபாட்டின் அளவைக் கூறும். அக்குழந்தை தெருவில் பிற குழந்தைகளோடு விளையாடுகிறதா என்பதைக் கூறாது. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்ற வகைப்பாடு, வாழ்க்கைச் சூழல்களில் ஒருவர் கொள்ளும் பங்கையும் கருத்தில் கொண்டது. அப்பங்கை அளப்பதற்குத் தனி வினாப் பட்டியல்கள் தேவைப்படுகின்றன.

அமெரிக்க ஆய்வாளர் கேரி பெடல் உருவாக்கிய, குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான பங்கேற்பு அளவுகோல் அவற்றுள் ஒன்று. வீடு, சுற்றுப்புறம், பள்ளி, அன்றாட அலுவல்கள் ஆகிய நான்கு பிரிவுகளில் 20 வினாக்கள் உள்ளன. அதே வயதினரோடு ஒப்பிட்டுப் பெற்றோர் விடையளிக்கின்றனர். வயதுக்கேற்ற முழுப் பங்கேற்புக்கு 4, சற்றுக் குறைந்தால் 3, மிகக் குறைந்தால் 2, இயலாவிடில் 1. 'பொருந்தாது' என்ற ஐந்தாவது விடையும் உண்டு. அவ்விடை பெற்ற வினாக்கள் நீக்கப்பட்டு, எஞ்சியவற்றின் மதிப்பெண் நூற்றுக்கு இத்தனை எனக் கணக்கிடப்படுகிறது.

வேறொரு பண்பாட்டில் இப்பட்டியலைக் கையாளுவோர் முதலில் ஐயுற வேண்டியது இந்த ஐந்தாவது விடையையே. அவ்வயதுக் குழந்தைகளிடம் பொதுவாக எதிர்பார்க்கப்படாத செயலே பொருந்தாத செயல் என்பது அளவுகோலின் கருத்து. ஆனால், திருவிழாவுக்கோ உறவினர் திருமணத்துக்கோ ஒருபோதும் அழைத்துச் செல்லப்படாத குழந்தையின் தாய், "அதெல்லாம் இவனுக்குப் பொருந்தாது" என்று இயல்பாகவே கூறிவிடக்கூடும். எடுத்துக்காட்டாக, 8 வினாக்களுக்கு இவ்வாறு விடை கூறி, மற்ற 12 வினாக்களுக்கும் 4 அளித்தால் 48-க்கு 48, அதாவது நூற்றுக்கு நூறு. அந்த எட்டையும் 'இயலாது' எனக் குறித்திருந்தால் 80-க்கு 56, அதாவது 70. ஒதுக்கப்பட்ட குழந்தை முழுப் பங்கேற்புடைய குழந்தையாகத் தோன்றி, உதவி தேவைப்படுவோர் வரிசையில் கடைசிக்குச் சென்றுவிடும்.

வழக்கமான முறையில் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்கின்றனர், இரண்டும் ஒன்றாக்கப்படுகின்றன, மூலத்தைப் பார்க்காத வேறிருவர் அதை மூலமொழிக்குத் திரும்பப் பெயர்க்கின்றனர். சொற்பிழையை இது காட்டிக்கொடுக்கும். 'பொருந்தாது' என்பதோ பிழையின்றியே திரும்பி வரும்! எனவே, 30 முதல் 40 பேரிடம் நடத்தப்படும் முன்சோதனையை வெறும் சடங்காகக் கருதலாகாது. ஒவ்வொரு 'பொருந்தாது' விடைக்கும், "இவ்வயதுப் பிற பிள்ளைகள் செல்வதுண்டா?" என்று மேலும் ஒரு வினா எழுப்பப்பட வேண்டும், உண்டு எனில் விடையை மாற்றிக் குறிக்க வேண்டும்.

ஒப்பீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. 12 வயதுச் சிறுமி கடைக்குத் தனியே அனுப்பப்படாதது குறைபாட்டினாலா, பெண் என்பதாலா? அதே ஊரின் அதே வயதுச் சிறுமியரோடு ஒப்பிடுமாறு பெற்றோரிடம் கூறினால் இக்குழப்பம் குறையும். சிறுமியர் அனைவருக்கும் பொதுவான தடை அப்போது கணக்கில் வராது என்பது மெய்யே. அதனை அறிய வேறு வினாக்களே வேண்டும்.