புதுவீடும் தறிக்குழியும்

அரசாங்க உதவி பெற்று வீடு கட்டிக்கொள்ள விரும்பும் அங்கத்தினர்கள் அநேகர். மனுச் செய்வதற்கு முன் இத்திட்டங்களின் போக்கைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பது நலம் எனக் கருதுகிறோம்.

1985-இல் தொடங்கப்பெற்ற இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தில் வீட்டின் பரப்பு 20 சதுர மீட்டர். 2016-இல் அதன் இடத்திற்கு வந்த பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுத் திட்டம், சமையல் செய்யும் இடம் உட்பட 25 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 269 சதுர அடி வேண்டும் என்று விதித்தது. சமவெளிக்கு 1,20,000 ரூபாயும் மலைப்பகுதிக்கு 1,30,000 ரூபாயும் உதவித்தொகை. தமிழ்நாட்டில் 2011-இல் வந்த பசுமை வீட்டின் அளவு 300 சதுர அடி. 2024-இல் அறிவிக்கப்பெற்ற கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி கொண்டது. இதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை. எஞ்சிய 60 சதுர அடிக்கு ஓடு போன்ற வேறு கூரை போடலாம். வீடு ஒன்றிற்கு 3,50,000 ரூபாய் வீதம், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது குறிக்கோள். பரப்பு வளர்ந்து வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 3,50,000 ரூபாயை 360-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய் வருகிறது. மத்திய உதவியை மட்டும் கொண்டு கணக்கிட்டால், மாநிலம் தரும் கூரைத்தொகை நீங்கலாக, 446 ரூபாய்தான். கொத்தனார் கூலியையும் கம்பி விலையையும் அறிந்தவர்க்கு மேலே சொல்லத் தேவையில்லை. 2025 செப்டம்பரில் சிமெண்டு மீதான வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது ஓரளவு ஆறுதல். தொகையோ வேலை முன்னேறுவதற்கு ஏற்பத் தவணையாகவே வரும். ஆகவே கடைக்கால் போடும் நாளிலேயே கைப்பணம் வேண்டும். பலர் வட்டிக்காரரிடம் சிக்குவது இந்த இடத்தில்தான். மனைப்பட்டா தம் பெயரில் இல்லாதவரோ மனுவோடு நின்றுவிடுகிறார்.

நெசவாளரின் சங்கடம் வேறு. 269 சதுர அடியில் குடும்பம் படுக்கலாம். தறி எங்கே நிற்பது? வீடு கிடைத்த பின் தறியைப் பிரித்துப் பரணில் ஏற்றிய குடும்பங்களை நாம் அறிவோம். கூலி நெசவுக்குப் பிறர் தறியில் அமர்ந்தவர்க்கு, புதுவீடு ஒரு வகையில் நஷ்டமே அன்றோ? குழித்தறிக்குத் தரையில் குழி வேண்டும். சிமெண்டுத் தளம் போட்டபின் அதை வெட்டுவது வீண் செலவு. ஜக்கார்டுப் பெட்டி தறிக்கு மேலே அமர்வதால் கூரை உயரமும் வேண்டும். காங்கிரீட் கூரையின் கீழ்க் கோடையில் அறை காய்ந்து, பருத்தி இழை அடிக்கடி அறும். மண்தரையில் இருந்த ஈரம் தளத்தில் இராது.

ஆதலால் கனவு இல்லத்தின் 60 சதுர அடி ஓட்டுப் பகுதியைத் தாழ்வாரமாக விட்டுவிடாமல், அதையொட்டித் தம் செலவில் சிறிது நீட்டித் தறிக்கொட்டிலாக்க இயலுமா என்று ஆராய வேண்டும். அதிகாரிகள் அளவு குறிக்க வரும் நாளில் இதைக் கேட்டுத் தெளிவு பெறுக. தறிக்குழி தோண்டுமிடத்தைக் கடைக்கால் வெட்டும்போதே கொத்தனாருக்குக் காட்டிவிட வேண்டும். வெளிச்சம் நெய்பவரின் பக்கவாட்டில் விழும்படி ஜன்னல் வைத்தல் அவசியம்.

விவசாய அங்கத்தினர்க்கும் இது பொருந்தும். நெல் மூட்டைக்கும் விதைக்கும் ஈரம் ஏறாத மேடை ஒன்று, மாட்டுக்குச் சாய்ப்பு ஒன்று: இவ்விரண்டும் அரசாங்கப் படத்தில் இரா. முதல் தவணை வரும்வரை ஆகும் செலவுக்குக் குறுகிய காலக் கடன் வேண்டுவோர், பட்டா நகலுடனும் வீட்டுப் படத்துடனும் முன்கூட்டியே தத்தம் சங்கத்தில் விசாரித்துக்கொள்க.