டண்ணகரமும் பத்துக் கணினியும்

ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'பன்டிகை', 'வென்டைக்காய்', 'மன்டபம்' என்று ஒரே பக்கத்தில் மூன்று பிழை. வழக்கம்போல் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் "மூணுசுழி ண" என்று எழுதினேன். எழுதும்போதே உறைத்தது: ஆறாம் வகுப்பிலும் இவனுக்குத் தமிழ் நான்தான். மூன்று வருடமாக இதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவனும் அதே பிழையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறான்.

மதுரைப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. பாடக்குறிப்பு எழுதாமல் நான் வகுப்புக்குப் போனதில்லை. நோக்கம், கற்பித்தல் துணைக்கருவி, வலுவூட்டல், மதிப்பீடு என்று எல்லாத் தலைப்பும் அதில் இருக்கும். ஒருநாள் ஃபோனில் ரெக்கார்டரை ஓடவிட்டு மேசை டிராயரில் வைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன். வீட்டில் போட்டுக் கேட்டேன். 40 நிமிடத்தில் 33 நிமிடம் என் குரல். மிச்சம் பிள்ளைகள் கோரஸாகச் சொன்ன "ஆமா டீச்சர்". என் பாடக்குறிப்பு முழுக்க நான் என்ன செய்வேன் என்பதுதான் இருந்தது. பிள்ளை என்ன செய்யும் என்று ஒரு வரிகூட இல்லை.

இதற்கு நான் முதலில் பிடித்த மருந்து தப்பான மருந்து. ஸ்மார்ட் போர்டு வந்த புதிது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து மயங்கொலிக்கு நாற்பது ஸ்லைடு செய்தேன். பூ பறக்கும், எழுத்து சுழலும், கைதட்டல் கேட்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பதினேழாவது ஸ்லைடில் கரண்ட் போயிற்று. போனதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்பது மறுநாள் வைத்த சொல்வதெழுதுதலில் தெரிந்தது. நான் பேசிய 33 நிமிடத்தை இப்போது திரை பேசியிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பாடக்குறிப்பைக் கடைசியிலிருந்து எழுதத் தொடங்கினேன். மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டுச் சீட்டில் என்ன எழுதித் தரவேண்டும்? முதல் வரி அது. அதை எழுதும்போது எந்த இடத்தில் இடறும்? அது இரண்டாம் வரி. இதற்காகவே, துண்டுச் சீட்டுகளில் வரும் பிழைகளைக் குறித்துவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். மற்ற எல்லாமே இந்த இரண்டு வரிக்கு நடுவில் அடங்கவேண்டும். கருவி எது என்பதைக் கடைசியாகத்தான் முடிவு செய்வேன். சாக்பீஸ் போதும் என்றால் சாக்பீஸ்தான். வாரத்தில் மூன்று நாள் அதுவே போதுமாக இருக்கிறது.

போதாத இடம் ஒன்று அந்த 'பன்டிகை'. அங்கேதான் தமிழ்99 கைகொடுத்தது.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், கூடவே புள்ளிக்கு ஒரு விசை. இதை வைத்து 247 எழுத்தும் வந்துவிடும். க தட்டி ஆ தட்டினால் கா. உயிர்மெய் பிறக்கும் விதத்தை இதைவிட எளிதாக நான் எந்தப் படத்திலும் காட்டியதில்லை.

விசேஷம் அதன் புள்ளியில் இருக்கிறது. ண தட்டி அடுத்து ட தட்டினால், ண தலையில் புள்ளி தானாக விழுந்து 'ண்ட' ஆகும். ந, த தட்டினால் 'ந்த'. ன, ற தட்டினால் 'ன்ற'. ங்க, ஞ்ச, ம்ப எல்லாம் அப்படியே. வேறு வேறு மெய் அடுத்தடுத்து வரும்போது, இன எழுத்து சேர்ந்தால்தான் இந்தச் சலுகை. ன தட்டி ட தட்டினால் புள்ளி விழாது. 'பனடிகை' என்று திரையில் அசட்டுத்தனமாக நிற்கும்.

கணினி ஆய்வகத்தில் முதல் நாள், 'பன்டிகை' எழுதிய அந்தப் பையன் அப்படித்தான் தட்டினான். "டீச்சர், கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை எட்டிப் பார்த்து, "டேய், அந்த ன இல்லடா, ட வருதுல்ல" என்றாள். அந்த நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தேன். கரும்பலகையில் மூன்று பெயர் எழுதினேன்: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட-வுக்கு முன்னால் வருவது டண்ணகரம், த-வுக்கு முன்னால் வருவது தந்நகரம், ற-வுக்கு முன்னால் வருவது றன்னகரம். விடை பெயரிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு 'மூணுசுழி, ரெண்டுசுழி' என்று சுழியை எண்ணச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

இன்னொரு வேடிக்கை. 'பப்பாளி' அடிக்கப் போனால் இரண்டாவது ப தட்டியதும் முதல் ப-வின் தலையிலேயே புள்ளி விழுந்துவிடும். ஒரே மெய் இரட்டித்தாலும் புள்ளி தானாக வரும் என்பதால் வரும் வினை. முதல் ப-வுக்குப் பிறகு அ தட்டிவிட்டால் சரியாகிவிடும். "ப-வுக்குள்ளதான் அ இருக்கே, அப்புறம் எதுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த பத்து நிமிடம் அந்தக் கேள்விதான் பாடம். என் குறிப்பில் அது இல்லை. குறிப்பில் எழுதியிருந்த பயிற்சியை மறுநாளைக்குத் தள்ளிவிட்டேன்.

எல்லாக் கருவியும் இப்படி உதவாது. ஃபோனில் 'pandigai' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் 'பண்டிகை' தானே வந்து நிற்கிறது. பிள்ளை யோசிக்கவே வேண்டாம். குரலைத் தட்டச்சாக்கும் வசதியும் அப்படித்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் 'வாளப்பளம்' என்றுதான் சொல்வார்கள். ஃபோன் அதை 'வாழைப்பழம்' என்று திருத்திக் காட்டிவிடுகிறது. ஊர்ப் பேச்சு பிழை இல்லை என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. ஆனால் வாசிக்கும்போது ழ வருகிறதா என்று தெரிய, திருத்தாத குரல் வேண்டும்.

அதற்குச் சாதாரண ரெக்கார்டர் போதும். 2020இல் பள்ளி மூடியிருந்தபோது வாட்ஸ்அப்பில் வாசித்து அனுப்பச் சொன்னதில் கற்றது இது. கோரஸாக வாசிக்கும்போது நன்றாக வாசிப்பதாக நான் நினைத்திருந்த மூன்று பிள்ளைகள் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார்கள். கூட்டக் குரலில் அவர்கள் ஒளிந்திருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் வாரத்துக்கு ஆறு பேர், ஆளுக்கு ஒரு நிமிடம், வராந்தாவில் நின்று என் ஃபோனில் வாசிக்கிறார்கள். தாங்களே கேட்கிறார்கள். பாதிப் பிழையை அவர்களே பிடித்துவிடுகிறார்கள். கேட்டு முடித்ததும் எதிரிலேயே அழித்துவிடுவேன். பிள்ளைகளின் குரல் என் ஃபோனில் தங்கவேண்டிய அவசியம் இல்லை.

என் வகுப்பில் 38 பிள்ளை, ஆய்வகத்தில் பத்துக் கணினி. ஒரு கணினிக்கு நான்கு பேர் என்று உட்கார வைத்தால் ஒருவன் தட்டுவான், மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பாதி வகுப்பு ஜோடியாகக் கணினியில், மீதி வகுப்பு அதே சொற்களைத் தாளில். இருபது நிமிடத்தில் இடம் மாறவேண்டும். ஆய்வகம் வேறு வேலைக்குப் போய்விடும் நாட்களுக்காக, விசைப்பலகையை அட்டையில் வரைந்து பத்துப் பிரதி வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை விரலை வைத்துச் சொல்லச் சொல்ல, பக்கத்துப் பிள்ளை நோட்டில் எழுதும். அட்டையில் புள்ளி தானாக விழாது. எங்கே விழும் என்று பிள்ளைதான் சொல்லவேண்டும். சில நாள் கணினியைவிட அட்டையே மேல் என்று படுகிறது.

அந்தப் பையன் இப்போது 'பண்டிகை' சரியாக எழுதுகிறான். 'முயற்ச்சி' என்று எழுதுவது மட்டும் போகவில்லை. அதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்99 பழகாத தமிழாசிரியர்கள் இதைப் படித்தால், ஒரு விடுமுறையில் உட்கார்ந்து பழகிவிடுங்கள். ஐம்பத்தொரு வயதில், தினம் அரைமணி நேரம் வைத்து, எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.