புதுச்சேரி: காற்று, மழை, மணல்

நமது சங்கக் குடும்பங்கள் பல, கோடை விடுமுறையில் சித்தூர், திருப்பதி வெயிலுக்குத் தப்பிப் புதுச்சேரிக்குப் போய் வருகின்றன. அந்த ஊரின் இயற்கை அமைப்பைச் சற்று அறிந்துகொண்டு போனால் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில், வங்கக் கடலோரச் சமவெளியில் உள்ளது. வடமேற்கே கோரிமேட்டுச் செம்மண் மேடு. தெற்கே அரியாங்குப்பம் ஆறு. 1674-இல் காலூன்றிய பிரெஞ்சுக்காரர்கள், இடையில் சிலமுறை ஆங்கிலேயரிடம் இழந்தாலும், 1954 வரை ஆண்டார்கள்.

பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி எழ, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று வருகிறது. நமது ஊர்கள் உள்நாட்டில் இருப்பதால் அந்தச் சுகம் நமக்கில்லை. ஆனால் மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று பிந்தும். அன்று புதுச்சேரியும் நம் ஊர் போலவே காயும்.

மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்கிறது. புயலும் அப்போதுதான். 2011 டிசம்பரில் 'தானே' புயலும், 2024 நவம்பர் இறுதியில் 'ஃபெஞ்சல்' புயலும் ஊரைப் புரட்டிப் போட்டன. சென்று வர ஜனவரி, பிப்ரவரி மாதங்களே உகந்தவை.

இனி மணல் விஷயம். நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்கள் எழுப்பப்பட்டன. மணல் தெற்கே தேங்கியது; வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்தது. கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்ட நேர்ந்தது. 2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தபின் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது.

ரயில்வேயில் நாங்கள் முதலில் கற்ற பாடமும் இதுவே: பாதைக்குக் கரை போடும்போது ஓடைக்குக் கல்வெர்ட் வைக்காவிட்டால், தண்ணீர் கரையையே அறுக்கும். ஓடுவதற்கு வழிவிட வேண்டும். அது நீரானாலும் சரி, மணலானாலும் சரி.

அடுத்த முறை போகும்போது பிள்ளைகளுக்கு அந்தப் பாறைகளைக் காட்டி இதைச் சொல்லுங்கள். ஆனால் பாறைகளின் மேல் இறங்க விடாதீர்கள். அலை அங்கே இழுத்துக்கொள்ளும்.