எண்ணெய் ஆலை வேலை: கற்க வேண்டியது இங்கே

வளைகுடா வேலை என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "ஏஜென்டுக்கு எவ்வளவு?" என்பதுதான். "பிள்ளைக்கு என்ன வேலை தெரியும்?" என்பதே முதலில் வர வேண்டும். இன்ஸ்ட்ருமென்டேஷன் துறைக்கு இது மிகவும் பொருந்தும்.

சுத்திகரிப்பு ஆலையில் குழாய்க்குள் ஓடும் எண்ணெயை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. அழுத்தம், வெப்பம், ஓட்டம், தொட்டியின் மட்டம் ஆகியவற்றைக் கருவிகளே அளந்து கன்ட்ரோல் ரூமுக்குத் தெரிவிக்கின்றன. அவற்றைப் பொருத்துவதும், கேலிபரேஷன் செய்வதும், பழுது நீக்குவதும் இத்துறையினரின் பணி.

ஒரு சிறு பாடம். மட்டத்தை அளக்கும் டிரான்ஸ்மிட்டர், தொட்டி காலியானால் 4 மில்லி ஆம்பியர், பாதியானால் 12, நிறைந்தால் 20 என மின்சாரம் அனுப்பும். ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? கம்பி அறுந்தால்தான் பூஜ்யம் வரும். தொட்டி காலியா, கம்பி அறுந்ததா என்ற குழப்பம் இராது. இந்தக் காரணத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் நேர்முகத் தேர்வில் நிற்கும்.

2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் மட்டம் காட்டும் கருவி அசையாமல் நின்றுவிட்டது. நிரம்பும்போது தடுக்க வேண்டிய சுவிட்சும் வேலை செய்யவில்லை. பெட்ரோல் வழிந்து, வெடித்து, 40-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சோதிக்காமலே "சோதித்தேன்" என்று கையெழுத்திடக் கூடாத வேலை இது, ஓர் அமானிதம்.

வழிகள் மூன்று. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் பயிற்சி. பிறகு பாலிடெக்னிக் டிப்ளமோ. அதற்கு மேல் பொறியியல் பட்டம். 1949-இல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் முதல் பாடப்பிரிவுகளிலேயே கருவியியல் இருந்தது.

படித்ததும் கப்பலேற அவசரம் வேண்டாம். 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தோன்றிய சி.பி.சி.எல். ஆலை, அம்பத்தூரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் மணலியில் இருக்கிறது. அங்கு அப்ரண்டிஸ் பயிற்சி அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். டிப்ளமோ, பட்டதாரிகளுக்கான பயிற்சியைத் தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் வாரியம் கவனிக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலைகளில் பெறும் கேலிபரேஷன் அனுபவமும் பயன்படும்.

பிறகு வெளிநாடு செல்லலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஏஜென்டின் பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது.

பெற்றோர்களே, லட்சங்கள் கேட்கும் ஏஜென்டுக்காக நகையை அடகு வைக்கும் முன், அவர் பதிவு எண்ணைக் கேளுங்கள். மகனிடமும் மகளிடமும் அந்த 4 மில்லி ஆம்பியர் கணக்கைக் கேளுங்கள்.